விடுப்பு முடிந்தும் திரும்பாத நாட்களால் ராணுவ ஓய்வூதியம் போய்விடுமா?

கேள்வி: கருங்கல் பகுதியைச் சேர்ந்த நான் ராணுவத்தில் சேர்ந்து 15 ஆண்டு 2 மாதம் பணியாற்றி வெளியே வந்தேன். தாயார் நோயுற்றிருந்தபோது விடுப்பு முடிந்தும் 118 நாள் பணிக்குத் திரும்பவில்லை. அதற்காகக் கமாண்டிங் ஆபீசர் 28 நாள் சிறைத்தண்டனை விதித்தார். இவற்றைக் கழித்து, 15 ஆண்டு நிறையவில்லை என்று ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். ஏதாவது வழி உண்டா ஐயா?

பதில்: வழி உண்டு. சிப்பாய்களுக்கான பணி ஓய்வூதியத்திற்கு 15 ஆண்டு தகுதிப்பணி, அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேரும் பணி, வேண்டும் என்பதும், அனுமதியின்றி இல்லாத காலமும் சிறையில் கழிந்த காலமும் அதில் சேராது என்பதும் உண்மையே. ஆனால் அனுமதியின்றி இருந்த காலம் பின்னர் சம்பளத்துடன் கூடிய விடுப்பாக முறைப்படுத்தப்பட்டிருந்தால், அதைக் கழிக்க முடியாது. ஆகவே முதலில் உங்கள் விடுப்பு, தண்டனை போன்றவற்றைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவுகளின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். அந்த 118 நாளுக்கு எதிரே சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்று பதிவாகியிருந்தால், கழிபடுவது 28 நாள் மட்டுமே. உங்கள் பணி 15 ஆண்டைத் தாண்டி நிற்கும்.

படையை விட்டு ஓடியவருக்கு முந்தைய பணி முழுவதும் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். அது ராணுவச் சட்டம் 38-ஆம் பிரிவில் கோர்ட் மார்ஷல் குற்றவாளி எனத் தீர்த்தவருக்கு உரியது. உங்களுக்குக் கமாண்டிங் ஆபீசர் அளித்தது 80-ஆம் பிரிவின் தண்டனை.

பதிவு சாதகமாக இல்லாவிட்டாலும் குறைவு ஏறத்தாழ 85 நாள்தான். 1961-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய விதிகளின் 125-ஆம் விதி பணிக்குறைவை மன்னிக்க இடம் தருகிறது. இப்படி மன்னிக்கத்தக்க குறைவுக்கு ஆறு மாதமாக இருந்த வரம்பு 2001 ஆகஸ்டில் பன்னிரண்டு மாதமாக உயர்த்தப்பட்டது. எனினும், சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு அவ்விதி இச்சலுகையைத் தரவில்லை. எனவே டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுவிப்புக்கான காரணம் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள். இத்தனை ஆண்டு உழைத்தவரிடம் இப்படியொரு வழி இருப்பதைச் சொல்லாமலே மறுப்புக் கடிதம் அனுப்புவது மிகவும் வருந்தத்தக்கது.

குறைவை மன்னிக்கக் கோரும் மனுவை, உங்கள் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுத உதவி வேண்டுமானால் நாகர்கோவிலிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். மறுத்தால், படைவீரர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் செல்லலாம். நமக்குக் கொச்சி அருகில் என்றாலும், குடியிருப்பு தமிழ்நாட்டில் என்பதால் அதன் அடிப்படையில் சென்னை அமர்வில் தாக்கல் செய்யலாம். ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் பாதிப்பு என்பதால் காலதாமதம் வழக்கை அழித்துவிடாது. ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபடி, நிலுவைத் தொகை பொதுவாக வழக்குத் தாக்கலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். ஆகவே வழக்கு தாமதமாகாதபடி ரெக்கார்ட் ஆபீசுக்கான மனுவை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.