அப்பப்பாவின் றங்குப் பெட்டியில் ஒரு சின்னத் துவக்கு

கேள்வி: அப்பப்பாவின் பழைய றங்குப் பெட்டியை ஒதுக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தது. விசையே இல்லை என்று நினைத்தேன், ஆனால் பின்னாலிருக்கும் சுத்தியலை இழுத்ததும் கீழே விசை தானாக விழுந்தது! குழலுக்கு அடியில் இரண்டு தடி குறுக்காக, மேலே ஒரு கிரீடம், கீழே வி எழுத்து. மாமா இதை டெரிஞ்சர் என்கிறார். இது என்ன, எப்படித் துடைத்து வைப்பது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: சுத்தியலை இழுத்தேன் என்று நீங்கள் எழுதிய வரியை வாசித்ததும் எனக்குப் பதறிவிட்டது, அதனால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதைக் கேளுங்கள். இனி அந்தச் சுத்தியலையோ விசையையோ தொடாதீர்கள். இந்த மாதிரித் துவக்குகளை மருந்தும் குண்டும் போட்டபடியே பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர், கறுப்பு வெடிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும். வாய்ப்பக்கம் யாரையும் பார்க்காமல், பிள்ளைகளின் கை எட்டாத அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது உங்கள் வேலையும் இல்லை, மாமாவின் வேலையும் இல்லை.

சரி, அது என்ன? நீங்கள் சொன்ன தடிகள் செங்கோல்கள். பர்மிங்ஹாமில் 1813இல் சட்டப்படி அமைந்த சோதனைச் சாலை, அளவுக்கு அதிகமாக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் இந்த முத்திரையைக் குத்தும். இந்த வடிவ முத்திரை 1904 வரைக்கும் இருந்தது. வி எழுத்துக்குப் பக்கத்திலேயே பி, பி, சி (BPC) எழுத்துகளோடு இன்னொரு செங்கோல் முத்திரையும் இருக்க வேண்டும். இதே மாதிரித் துவக்குகள் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்தும் ஏராளமாக வந்தன, ஆனால் அவற்றில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி (ELG) என்று இருக்கும். ஆகவே உங்களுடையது பர்மிங்ஹாம்தான். விழும் விசை, நடுவிலே சுத்தியல், இதெல்லாம் சட்டைப்பைக்குள் மாட்டாமல் எடுக்கவென்று செய்தது. சுத்தியல் விழும் இடத்தில் துளையுள்ள சின்ன முளை ஒன்று இருந்தால் அது செப்புக் கேப் (சுத்தியல் அடித்ததும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மாட்டும் இடம், அப்படியென்றால் காலம் ஏறக்குறைய 1830களுக்கும் 1850களுக்கும் நடுவில். குழலின் வாய்க்குள்ளே வெட்டுகள் தெரிந்தால் அது சாவி போட்டுத் திருகிக் கழற்றும் குழல். கழற்றி, மருந்தையும் குண்டையும் பின்பக்கத்தில் வைத்து, திரும்பப் பூட்டுவார்கள். எடுத்த படம் ஏதும் இருந்தால் அதில் மட்டும் பாருங்கள், கழற்ற முயல வேண்டாம், குறடு பட்டால் அந்தக் காயம் ஆறாது.

டெரிஞ்சர் இல்லை. ஹென்றி டெரிஞ்சர் பிலடெல்பியாக்காரர், 1865இல் அமெரிக்க ஜனாதிபதி லிங்கனைச் சுட்டது அவர் செய்த துவக்கால், அதற்குப் பிறகு சின்னத் துவக்கு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது சட்டம். 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம், பழசு என்பதற்காக விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். தயவுசெய்து பையில் போட்டுக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறாதீர்கள்! ஒரு சட்டத்தரணியிடம் பேசி, அவர் மூலம் பொலிஸுக்கு அறிவித்து, அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி, பெட்டியோடு சேர்த்து ஒரு படமும் எடுத்து வைத்தால் பின்னால் உதவும். குடும்பத்தில் வைத்திருக்க வழியில்லை என்று ஆகிவிட்டால் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கொடுக்கலாமா என்று அப்போதே கேளுங்கள், அதை உருக்க விடாதீர்கள்.

துடைப்பது, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தவர் பார்த்துச் சொல்லி, வைத்திருக்கவும் அனுமதி கிடைத்த பிறகுதான். குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்க நினைத்திருந்தால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அரத்தாள், பிராஸோ, கம்பித் தூரிகை ஒன்றும் வேண்டாம். அந்த மண்ணிறப் படிவுதான் அதன் வயது. முத்திரையும் அடியில் இருக்கிற மெல்லிய செதுக்கலும் ஒருமுறை தேய்ந்தால் அது எங்கே பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்பாகப் பொடி உதிரும் துரு மட்டும்தான் எதிரி, அதை மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் பொறுமையாக எடுக்கலாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் கூடாது, நாட்பட்டால் சிக்குப் பிடித்துப் பிசினாகும். அப்புறம் ரெனசான்ஸ் வேக்ஸ் என்று பிரித்தானிய நூதனசாலையில் உருவான மெழுகு இருக்கிறது, இரும்புக்கும் மரப்பிடிக்கும் மெல்லிசாக ஒரு பூச்சுப் போதும். வெள்ளவத்தையில் கடற்காற்று உப்பு எல்லாவற்றையும் தின்னும், ஆகவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் உறையிலும் வெல்வெட்டிலும் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பாருங்கள்.

கேள்வி: காலமான அப்பாவிடம் அனுமதியோடு ஒரு 6.35 மி.மீ. ப்ரௌனிங் கைத்துப்பாக்கி இருந்தது. அது 1906 மாடலா, பேபியா? (தெஹிவளை வாசகர்)

பதில்: அதன் படம் இருந்தால் அதில் பிடியின் பின்பக்கத்தைப் பாருங்கள். உள்ளங்கை அமுக்குகிற பாதுகாப்புப் பட்டை இருந்தால் 1906, இல்லையென்றால் 1931இல் வந்த பேபி. ஆனால் அனுமதிப்பத்திரம் அப்பாவின் பெயருக்குத்தான், உங்களுக்குத் தானாக வராது. பாதுகாப்பு அமைச்சில் இந்த வாரமே கேளுங்கள்.