முதியோர் இல்ல ஊழியர்கள், அடிக்கிற, திட்டுகிற முதியவர்களை உள்ளுக்குள் வெறுக்கிறார்களா?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். நான் பார்த்தவரை, அடியையும் திட்டையும்விடப் பழிச்சொல்லைத்தான் ஊழியர்களால் தாங்க முடிவதில்லை.

கெட்ட வார்த்தையெல்லாம் இங்கே பெரிய விஷயமே இல்லை. காசிமேட்டில் மீன் விற்ற பாட்டி ஒருவர், டயபர் மாற்றப் போனாலே ‘கஸ்மாலம், பேமானி’ என்று ஆரம்பித்துப் பரம்பரையையே இழுப்பார். அதே ஏரியாவில் வளர்ந்த அட்டெண்டர் அக்காக்கள், “இன்னா ஆயா, இன்னிக்கு சவுண்டு கம்மியா கீது” என்று சிரித்தபடியே வேலையை முடித்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வரும் புதுப்பெண்கள்தான் அழுவார்கள்.

அதே பாட்டி மகனிடம் “என் கம்மலை இவதான் எடுத்துட்டா” என்று சொல்லிவிட்டால் கதை வேறு. டிமென்ஷியா என்கிற மறதி நோயில் இது சகஜம். வைத்த இடம் மறந்துவிடுகிறது, மறந்துவிட்டோம் என்பதும் நினைவில்லை. அப்போது யாரோ எடுத்ததாகத்தானே தோன்றும்? மகனுக்கு இது புரியாவிட்டால் வேலை போவது அந்த அக்காவுக்கு. அப்புறம் அவர் தேவைக்கு மேல் அந்தக் கட்டில் பக்கமே போகமாட்டார். பார்க்க வருகிறவர்கள் அதை அலட்சியம் என்பார்கள். பாவம், பயந்துபோயிருக்கிறார்.

“வேணும்னே பண்றாரு” என்ற நினைப்பும் ஆபத்தானது. அது வந்தால் குரல் உயரும், கை முரடாகும். நேற்றுவரை சாதுவாக இருந்தவர் திடீரென்று கடிக்க வந்தால், நான் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி என்று வரிசையாகப் பார்ப்பேன். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமலும் புத்தி தடுமாறும். காரணம் தெரிந்ததும் ஊழியர்களின் கோபம் பாதி இறங்கிவிடும். பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பம் கூடும். டூட்டி மாறி ஆள் குறைவதும் சரியாக அப்போதுதான்!

“ஊசி போட்டுப் படுக்க வைங்க” என்று உறவினர்களே சொல்வதுண்டு. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. அதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

சேர்க்கும்போது நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். “திருடிட்டா” என்று அம்மா சொன்னால் முதலில் தலையணை உறை, சுருக்குப்பையைத் துழாவுங்கள். ஆனால் உடம்பில் காயம் தெரிந்தாலோ, ஊழியர் வந்ததும் அம்மா ஒடுங்கினாலோ மறதி என்று தள்ளிவிடாதீர்கள். நிர்வாகத்திடம் கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்யுங்கள்.