மேக்கப் போட்டது தெரியாமல் களையாக இருக்க: செட்டிநாட்டுப் பெண்களின் கேள்விகளும் பதில்களும்

முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: பூசியது தெரியக்கூடாது, ஆனால் முகம் களையாக இருக்க வேண்டும். பழுப்பு, செங்கல், பீச் மாதிரியான அடங்கிய நிறங்களை வைத்தே அதைச் செய்யலாம். மணப்பெண் அலங்காரம் என் தொழில். கையில் பழகியதைச் சொல்கிறேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: அக்கா, சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அரக்குக் கரை போட்ட கடுகு மஞ்சள் கண்டாங்கி கட்டப் போகிறேன். சேலையே இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, முகத்துக்கு என்ன நிறம் போடுவது?

சேலையின் நிறத்தை முகத்திலும் தேடாதே தங்கச்சி. கண்டாங்கியின் கட்டமும் அகலக் கரையும் தூரத்திலிருந்தே கண்ணை இழுத்துவிடும். முகம் அமைதியாக இருந்தால்தான் இரண்டும் சேரும்.

இமைக்கு உன் தோலைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு போதும், மினுமினுப்பு இல்லாத மேட் ஐஷேடோ. கண்ணைத் திறந்தபடி கண்ணாடியை நேராகப் பார். இமை மடியும் குழிவில் பிரஷை வைத்து, இப்படியும் அப்படியுமாக நாலைந்து முறை லேசாக இழு. நிறம் எங்கே முடிகிறது என்று உனக்கே தெரியாமல் போனால் நிறுத்திவிடு. கன்னத்துக்கு செங்கல் நிற க்ரீம் ப்ளஷ். சிரித்தால் உப்புகிற இடத்தில் வைக்காமல் அதற்குக் கொஞ்சம் மேலே, காதுப் பக்கமாகத் தட்டிக்கொண்டு போ. விரலில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை உதட்டு நடுவில் ஒற்றிக்கொள். புருவத்துக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம், அடர் பழுப்பு எடு. முடி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் இதுதான் இயல்பாகத் தெரியும்.

தேவகோட்டை, ஆசிரியை: நேரில் நன்றாக இருந்த பவுண்டேஷன் போட்டோவில் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. ஏன்?

நம்மில் அநேகம் பேருக்கு நேரும் சங்கடம் இது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நம் நிறத்தைவிட வெளுப்பான, ரோஸ் கலந்த ஷேடைக் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாநிறத் தோலுக்கு அடியில் பெரும்பாலும் பொன் சாயலோ, பச்சை கலந்த ஆலிவ் சாயலோ ஓடும். அதன்மேல் வெளிர் ரோஸ் ஏறினால் சாம்பலாகத்தான் தெரியும்.

ஷேடை மணிக்கட்டில் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில், கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் மூன்று ஷேடைக் கோடாக இழுத்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே முடிவு செய்யவும் வேண்டாம். சில பவுண்டேஷன்கள் கொஞ்ச நேரத்தில் தோல் எண்ணெயோடு சேர்ந்து கறுக்கும், அதனால் கால் மணி நேரம் விடுங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. மஞ்சள் பூசிக் குளிக்கிறவர் என்றால் முகம் கழுத்தைவிட மஞ்சளாக இருக்கும், அன்றைக்கு ஷேடு பார்க்காதீர்கள்.

நேரில் சரியாக இருந்து பிளாஷில் மட்டும் முகம் வெளுத்தால், சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு அல்லது மேலே தூவும் சிலிக்கா பவுடர் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. விசேஷத்துக்கு முந்தின நாளே எல்லாம் போட்டு, இருட்டறையில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, உட்காரும் இடம். நம் வீடுகளில் நல்ல வெளிச்சம் வளவில்தான் என்று முற்றத்து நடுவில் நாற்காலி போட்டுவிடுகிறார்கள். உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கும், கண்ணுக்கடியில் நிழல் விழும், அதைக் கருவளையம் என்று நினைத்துக் கன்சீலரை அப்புவோம். வளவைச் சுற்றியுள்ள நடையில், தூணுக்குப் பின்னால் முற்றத்தைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முகத்துக்கு நேராக வரும். வெள்ளைச் சாந்துச் சுவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, நிழலை அதுவே நிரப்பிவிடும்.

பள்ளத்தூர், வயது 57: எங்களுக்கு சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) வருகிறது. இரண்டு கன்னத்திலும் மங்கு. மகள் மேக்கப் போடச் சொல்கிறாள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆச்சி, கூச்சமே வேண்டாம். உங்களுக்குச் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன்: கலச நீர் அபிஷேகம் முடியும்வரை முகத்தில் மாய்ஸ்சரைசர் தவிர எதுவும் வேண்டாம். ஈரம் மாற்றிப் புதுச் சேலை கட்டிய பிறகு, பத்து நிமிடம் மகளிடம் முகத்தைக் கொடுங்கள்.

மங்குமேல் நேராகக் கன்சீலர் போட்டால் சாம்பல் திட்டாகிவிடும். முதலில் கருமையை ஈடுகட்டும், ஆரஞ்சு சாயல் உள்ள கரெக்டர். மிளகு அளவு எடுத்து, மங்கு உள்ள இடத்தில் மட்டும் மோதிர விரலால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு, அதன்மேல் உங்கள் நிறத்துக் கன்சீலரை அதே மாதிரி ஒற்றச் சொல்லுங்கள். கொஞ்சம் மங்கு தெரிந்தால் தெரியட்டும். முழுக்க மறைக்கப் போனால் சுருக்கத்தில் போய் அடைந்து வயதைக் கூட்டும். கண்ணுக்கடியில் பவுடர் வேண்டாம். உதட்டுக்கு ரோஸ் கலந்த பழுப்பு. நெற்றியில் குங்குமம், மூக்கில் வைரம், இதற்கே முகம் நிறைந்துவிடும்.

மங்கு வெயிலில் கூடும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலும் கூடும். அதனால் தினமும் போட, அயர்ன் ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுவயல்: நியூட் லிப்ஸ்டிக் போட்டால் காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறேன்.

உங்கள் உதட்டைவிட வெளுப்பானதை வாங்கியிருக்கிறீர்கள். நமக்கு நியூட் என்றால் காபிப் பழுப்பு, செங்கல், காய்ந்த ரோஜா. வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். அடர் பழுப்பு லிப் லைனரால் ஓரத்தை வரைந்து உள்ளே வரை இழுத்துவிட்டு, மேலே அதைப் பூசுங்கள்.

காரைக்குடி: மூன்று மாதத்தில் கல்யாணம். அதற்குள் நிறம் வர ஒரு க்ரீம் தருகிறார்கள். போடலாமா அக்கா?

வேண்டாம் தங்கச்சி. பெயரில்லாத டப்பாவில் வருகிற, ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கிற க்ரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், முகத்தில் முடி வளர வைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பரு வரும். பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும். கல்யாண வாரத்தில் அப்படி வந்தவர்களுக்கு நான் அலங்காரம் செய்திருக்கிறேன், எந்தக் கன்சீலரும் அந்தச் சிவப்பின்மேல் நிற்காது. மூன்று மாதம் தாராளமான நேரம். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், நல்ல தூக்கம். உன் நிறம் உன்னுடையது. நம் கல்யாணத் தாலியான கழுத்துருவின் பொன் மாநிறத்தில் எழும்பித் தெரிவதைப் பார்த்து நான் எத்தனையோ முறை கையை நிறுத்தியிருக்கிறேன்.

கோட்டையூர்: ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெளுத்திருக்கிறது. மேக்கப்பால் மறைக்கலாமா?

மறைப்பது அப்புறம். முதலில் அந்தப் பொட்டை நிறுத்துங்கள். சில ஸ்டிக்கர்களின் பசையில் உள்ள ரசாயனம் நிறமிச் செல்களைக் கொல்லும். தோல் மருத்துவரைப் பாருங்கள், சீக்கிரம் பார்ப்பது நல்லது.

கானாடுகாத்தான், மாப்பிள்ளை: ஆண்களுக்கும் ஏதாவது உண்டா?

உண்டு தம்பி. மாய்ஸ்சரைசர், கருவளையம் இருந்தால் அங்கே மட்டும் கரெக்டர், லிப் பாம். பவுண்டேஷன் தாடியில் ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடும், தொடவே வேண்டாம்.

தேவகோட்டை: கோடை முகூர்த்தத்தில் வேர்த்து ஒழுகிவிடுகிறதே?

அடுக்கைக் குறையுங்கள், அதுதான் வழி. சன்ஸ்கிரீன் போட்டுக் கால் மணி நேரம் கழித்து, மூக்கைச் சுற்றி மட்டும் பவுண்டேஷன் வைத்து வெளிப்பக்கமாகக் கரைத்துவிடுங்கள். நெற்றியும் மூக்கும் தவிர வேறெங்கும் பவுடர் வேண்டாம். கீழ் இமையில் மை தீட்டாதீர்கள், ஹோமப் புகையில் கண் கலங்கினால் கன்னம் வரை இறங்கும். மேல் இமை முடியின் வேரில் வாட்டர்ப்ரூஃப் பழுப்புப் பென்சில் போதும். வேர்த்தால் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, அப்புறம்தான் பவுடரைத் தொட வேண்டும். ஈரத்தின்மேல் பவுடர் போட்டால் திட்டாகிவிடும், அதன்பிறகு கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.