கல்லு லோரிய கூப்பிடறதுக்கு முன்னாடி கூரைத் தண்ணிய பாருங்க

மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. வீட்டுக்குப் பின்னால 30 அடிக்கு 20 அடியில தகரக் கொட்டாய் ஒண்ணு, மண்தரை. சின்ன டிராக்டர், உர மூட்டை, புல்லு மருந்து, எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுற சாமான் எல்லாம் அதுக்குள்ளதான். மழை பேஞ்சா உள்ள சேறு, டயர் புதையுது, உரம் அடியில ஊறிப் போவுது. மாமாகிட்ட முன்னால பக்கெட் வெச்ச டிராக்டர் இருக்கு, நாங்களே கல்லு போட்டுக்கலாமா, ஏஜென்ட் ஒருத்தரு ரெண்டு லோரி ஆத்துக்கல்லு போதும்னு சொல்றாரு, அத நம்பலாமான்னு கேக்கறாங்க.

கல்லு நீங்களே போட்டுக்கலாம்மா, தாராளமா. ஆனா அந்த ஆத்துக்கல்லும் வேணாம், அந்த ரெண்டு லோரி கணக்கும் வேணாம்.

முதல்ல தண்ணி. உங்க கூரை 600 சதுர அடி. சாயங்கால மழை ஒரு மணி நேரத்துல 50 மில்லிமீட்டர் ஊத்துச்சுன்னா, அது நம்ம ஊருக்குப் புதுசில்ல, அந்தக் கூரையில இருந்து மட்டும் கிட்டத்தட்ட 2,800 லிட்டர் தண்ணி சுவர் ஓரமாவே கீழ விழுது, அது எங்க போகும், பள்ளமா இருக்கற உங்க தரைக்குத்தான் போகும். இத நிறுத்தாம மேல எத்தன டன் கல்லு கொட்டினாலும் ஒரே வருஷத்துல சேறு மேல வந்துரும் கல்லு கீழ போயிரும். அதனால கூரை ஓரத்துல தண்ணிய புடிச்சு விடற பீலி மாட்டுங்க, இல்லன்னா சொட்டு விழற கோட்டுக்கு வெளிய ஒரு அடி ஆழத்துல கான், அதாவது வாய்க்கா, வெட்டி சரிவா இழுத்து விடுங்க. தரை மட்டம் வெளி மண்ணவிடக் கொஞ்சமாவது ஒசந்து நிக்கணும். பாதி வேலை இதுதான், இதுக்கு லோரியே தேவையில்ல.

இப்ப ஏஜென்ட் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு வர்ற பத்து கேள்வியில எட்டு இதுலதான் மாட்டிக்கிட்டு வருது. ஆத்துக்கல்லு உருண்டை. கோலிகுண்டு மேல நடந்து பாருங்க, அதேதான், டயர் ஏறினதும் ரெண்டு பக்கமும் ஒதுங்கும், ஒண்ண ஒண்ணு கவ்வாது. உங்களுக்கு வேண்டியது குவாரியில உடைச்ச கல்லு, மூலை முனையோட, பெருசு சிறுசு தூளு எல்லாம் கலந்தது, குரஷர் ரன்னு கேட்டா எந்த குவாரிக்காரனுக்கும் தெரியும். அந்தத் தூளுதான் இடுக்குல போயி உக்காந்து எல்லாத்தையும் ஒரே பாறையா புடிச்சு நிறுத்துது.

அப்புறம் "ஒரு லோரி"ங்கறது அளவே இல்ல. மூணு டன் லோரியும் லோரிதான், பத்து டன் லோரியும் லோரிதான். உங்க கணக்கு இதுதான்: 600 சதுர அடிக்கு அமுங்கின பிறகு ஆறு அங்குலம் நிக்கணும்னா ஏறக்குறைய எட்டரை கன மீட்டர், எடையில 18 டன். சின்ன லோரி ரெண்டுன்னா 6 டன், அமுங்கினா ரெண்டு அங்குலம், அத டிராக்டர் டயர் ஒரே வாரத்துல தின்னுரும். அதனால டன் கணக்குல பேசுங்க, குவாரி எடைப்பால ரசீது லோரியோட வரணும்னு சொல்லுங்க, மில்லுக்கு குலை போனா நாம ரசீது இல்லாம விடறோமா, அதே மாதிரிதான் இதுவும். ரசீது கிடையாதுன்னு சொல்றவங்கிட்ட வாங்காதீங்க.

எனக்கே நடந்துச்சு. ஒரு கொட்டாய்க்கு நான் இல்லாத நேரத்துல ஒருத்தன் லோரிய கவுத்துட்டு போயிட்டான், மேல ஒரு அடி நல்ல கல்லு, கீழ பாத்தா இடிச்ச வீட்டுச் செங்கல்லு, டைல்ஸ், ஆணி, கண்ணாடி, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டு துண்டு. அந்தத் துண்ட டயர் மிதிச்சு மிதிச்சு தூளாக்கினா அத மூச்சுல இழுக்கறது யாரு, வீட்டுப் பிள்ளைங்கதான. புகார் கொடுக்கலாம்னு ஒரு ஆபீஸ் போனேன், இது எங்க வேலையில்ல அடுத்த கவுண்டர்னாங்க, அடுத்த கவுண்டர்ல ரசீது எங்கன்னாங்க, ரசீது கொடுக்காததுதான் என் புகாரே. மூணு நாள் கூலி போச்சு, குப்பைய அள்ளினதும் நாங்களேதான். அதனால லோரி கவுக்கும்போது கிட்ட நின்னு பாருங்க, பாதி கவுத்ததும் நிறுத்தச் சொல்லி நடுவுல ஒரு மண்வெட்டி தோண்டிப் பாருங்க, அதுக்கு அப்புறம்தான் பணம். கூச்சப்படாதீங்க.

வேலை எப்படின்னா, தரையில இருக்கற கறுப்பு மண்ணு, சேறு, இலை தழை எல்லாத்தையும் சுரண்டி வெளிய தள்ளுங்க, தூண் அடிய மட்டும் தோண்டிராதீங்க. அடியில கெட்டி மண்ணு வரணும், இரும்புக் கம்பிய கையால குத்தினா சுலபமா இறங்கக்கூடாது. அதுமேல ஜியோடெக்ஸ்டைல் துணி விரிங்க, ரோடு போடறவங்க மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவுல போடறது, தண்ணி போகும் சேறு ஏறாது, உர மூட்டை பிளாஸ்டிக்க வெட்டி விரிச்சா அந்த வேலை நடக்காது. லோரிய உள்ள விடாதீங்க, பெட்டிய தூக்கினா கூரை கம்பு போயிரும், வாசல்லயே கொட்டச் சொல்லுங்க. வாசல்ல இருந்து ஆரம்பிச்சு, போட்ட கல்லு மேலயே டிராக்டர் நின்னு முன்னால தள்ளிக்கிட்டே போகணும், துணி மேல டயர் படக்கூடாது. அப்புறம் பக்கெட்ட கவுத்து வெச்சு ரிவர்ஸ்ல மெதுவா இழுத்தா மட்டம் வரும், தூணுக்குத் தூணு கயிறு கட்டி பாத்துக்கோங்க, வாசல் பக்கம் லேசா சரியட்டும்.

மொத்தத்தையும் ஒரே தடவையா கொட்டாதீங்க, மூணு நாலு அங்குலமா போட்டு தட்டி, திரும்பப் போடணும். டிராக்டர் ஏறி இறங்கினா அமுங்கிரும்னு மாமா சொல்லுவாரு, அமுங்கும், டயர் போற ரெண்டு கோட்டுல மட்டும். கல்ல தட்டி அமுக்கற மிஷின், பிளேட் கம்பேக்டர்னு சொல்லுவாங்க, அத ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. தட்டறதுக்கு முன்னாடி கல்லு ஈரமா இருக்கணும், ஒரு பிடி தூள அள்ளி இறுக்கிப் பிடிங்க, கைய திறந்தா உருண்டையா நிக்கணும், விரலிடுக்குல தண்ணி வரக்கூடாது. உதிர்ந்துச்சுன்னா தண்ணி தெளிங்க, ஒழுகுச்சுன்னா நாளைக்கு பாத்துக்கலாம்.

கல்லு நெறஞ்ச பக்கெட்ட தரைக்கு ஒட்டியே வெச்சு ஓட்டச் சொல்லுங்க, தூக்கிக்கிட்டு திரும்பினா டிராக்டர் சாயும். மட்கார்டு மேல யாரும் உக்காரக்கூடாது, தோட்டத்துல அது பழக்கமாயிருச்சு, அந்தப் பழக்கத்துல போன உயிர எனக்குத் தெரியும். உள்ள ஓட்டும்போது ரெண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், புகை.

ஒண்ணே ஒண்ணு, இத நல்லா கேளுங்க. புல்லு மருந்து வைக்கற மூலையில மட்டும் கல்லு போடாதீங்க. கல்லுத் தரைய எவ்வளவு தட்டினாலும் தண்ணி கீழ இறங்கும்தான, அப்ப டப்பா கவுந்தா மருந்தும் கீழதான் போகும், தொடைக்கவும் முடியாது கழுவவும் முடியாது, கழுவினா இன்னும் ஆழமா போகும், உங்க கிணறு எத்தன அடியில இருக்கு? எங்கம்மா தோட்டத்துல முதுகுல பம்பு மாட்டி பாராகுவாட்ங்கற புல்லு மருந்து அடிச்சவங்க, விரல் நகம் கறுத்து கழண்டு விழுந்தத நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். 2020 ஜனவரி 1-லதான் அத இந்த நாட்டுல முழுசா தடை பண்ணாங்க, அதுக்குள்ள எத்தன பேரு நகம் போச்சு. தடை பண்ணிட்டாங்கங்கறதுக்காக இப்ப இருக்கற மருந்து பாலும் இல்ல. அதனால அஞ்சடிக்கு அஞ்சடி சிமெண்ட் போட்டு சுத்தி நாலு அங்குலம் விளிம்பு கட்டுங்க. முடியலன்னா விளிம்பு வெச்ச பெரிய பிளாஸ்டிக் தட்டு வாங்கி அதுக்குள்ள டப்பாவ வைங்க, பூட்டுற அலமாரியா இருந்தா ரொம்ப நல்லது. சும்மா தார்ப்பாய் விரிச்சா போதாது, அது கிழியும். காலி டப்பாவும் அதே மூலைதான். உர மூட்டைக்கு மரப் பலகை அடியில குடுத்தா போதும்.

நிலம் டிஓஎல்லுன்னு, அதாவது அரசாங்க நிலத்துல தற்காலிகமா இருக்கற லைசன்ஸுன்னு எழுதியிருந்தீங்க. அந்த லைசன்ஸ் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-ஓட முடியுது, நாப்பது வருஷம் குடியிருந்தாலும் ஜனவரியில திரும்ப போயி நிக்கணும், இந்த நிலைமையில மனுஷன் எப்படி தைரியமா தரை முழுக்க சிமெண்ட் போடுவான்? கல்லுன்னா நாளைக்கு எழும்பச் சொன்னாலும் அள்ளிட்டுப் போயிரலாம். அதனாலயும் கல்லுதான் உங்களுக்கு சரி.

20 டன்னா சொல்லிருங்க, மிச்சம் ரெண்டு டன்ன வெளிய கான்வாஸ் போட்டு மூடி வைங்க. முதல் ரெண்டு மாசத்துல டிராக்டர் நிக்கற இடம் கொஞ்சம் இறங்கும், அப்ப அதுல இருந்து அள்ளிப் போட்டு தண்ணி தெளிச்சு தட்டிக்கலாம்.