மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிட்டு புரோபயாடிக் மட்டும் எடுத்தால் போதுமா?

போதாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

"எல்லாமே குடல் பாக்டீரியாதான், அதைச் சரிசெய்தால் மனசு தானாகச் சரியாகும்" என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குடலுக்கு நல்லது என்று பாக்டீரியாக்களை உயிரோடு அடைத்து விற்பதுதான் புரோபயாடிக். சொந்தக்காரராக இருக்கும், இல்லையென்றால் ஏதாவது வீடியோவாக இருக்கும். மாத்திரை ஆரம்பித்துப் பெரிய மாற்றம் எதுவும் தெரியாமல், வாய் உலர்ந்து, தூக்கமும் கெட்டுக் கிடக்கும் நேரத்தில்தான் இந்த மாதிரிப் பேச்செல்லாம் காதில் விழும். அப்போது யார் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும்.

என் நிலைமை மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற கதை. முதலில் வந்தது வயிற்றுக் கோளாறு. காலையில் எழுந்ததும் வயிறு முறுக்கும். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி போக வேண்டும் போலிருக்கும். முக்கியமான மீட்டிங் இருக்கும் நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வயித்துல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான், டென்ஷனைக் குறைங்க" என்றார். அதற்கு ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome, குடல் எரிச்சல் நோய்) என்று ஒரு பெயர் இருப்பதையே பின்னால் வேறொரு டாக்டர்தான் சொன்னார்.

சில வருடம் கழித்து மனச்சோர்வு வந்து, மனநல மருத்துவரிடம் போய் மாத்திரை ஆரம்பித்தேன். இப்போது வீட்டில் ஆளாளுக்கு, "மனசுல ஒண்ணும் இல்ல, எல்லாம் வயிறுதான், முதல்ல குடலைச் சுத்தம் பண்ணு" என்றார்கள். வயிறு வலித்தால் மனசைக் காட்டுகிறார்கள், மனசு வலித்தால் வயிற்றைக் காட்டுகிறார்கள். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தொடர்பு உண்டு. மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் என்ற நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவைதான். 2004இல் ஜப்பானில், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளை நெருக்கடிக்கு உள்ளாக்கிப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன்கள் அதிகமாக ஏறின. 2011இல் லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியா வகையில் ஜேபி-1 என்ற ரகத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

வீடியோக்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும். அதே ஜேபி-1 ரகத்தை அயர்லாந்தில் ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. மன அழுத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. இதை யாரும் வீடியோ போட மாட்டார்கள்.

இன்னொன்று, "செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது" என்பது. செரட்டோனின் என்பது மனநிலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ரசாயனம். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் குடலில் உற்பத்தியாகும் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. அது பெரும்பாலும் குடல் அசைவு மாதிரியான வேலைகளைப் பார்க்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

மனிதர்களிடம் நம்பிக்கை தரும் ஆய்வுகளும் இருக்கின்றன, சின்னச் சின்னதாக. 2017இல் கனடாவில் ஐபிஎஸ் உள்ள 44 பேரிடம் நடத்திய ஆய்வில், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற பாக்டீரியாவை எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது, பதற்றம் குறையவில்லை. 2023இல் லண்டனில் 49 பேரிடம் செய்த ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மனச்சோர்வு மாத்திரை எடுத்தும் முழுப் பலன் கிடைக்காதவர்களுக்கு, அந்த மாத்திரையோடு சேர்த்து புரோபயாடிக் கொடுத்தார்கள். கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நானும் புரோபயாடிக் எடுக்கலாமா என்று என் மனநல டாக்டரிடம் கேட்டேன். "எடுத்துக்கோங்க, ஆனா நான் எழுதிக் கொடுத்ததை விட்டுடாதீங்க" என்றார். விடவில்லை, இன்றுவரை அதில் எனக்குப் பெருமைதான். வயிற்று உப்புசம் குறைந்தது. மனசும் தேறியது. ஆனால் அதே சமயத்தில்தான் மாத்திரையின் அளவைக் கூட்டினார், நான் தினமும் நடக்கவும் ஆரம்பித்தேன். எதனால் தேறினேன் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. சொல்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ!

நான் வாங்கிய முதல் புரோபயாடிக் டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "5000 கோடி" பாக்டீரியா என்று போட்டிருந்தது. பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில், அது தயாரித்த நாளின் கணக்கு என்று இருந்தது. நாம் விழுங்கும் நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதற்குப் பொறுப்பில்லை. எந்த ரகம் என்ற விவரமும் கிடையாது, வெறும் லாக்டோபேசிலஸ் என்றிருந்தது. ஆய்வில் பலன் தந்தது ஒரு ரகம் என்றால், அதே குடும்பத்தில் இன்னொன்றுக்கும் அந்தப் பலன் இருக்கும் என்று அர்த்தமில்லை.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் "வயிறு சரியில்லை" என்று லீவு போட்டால் மறுகேள்வி வராது. "மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்" என்று எழுதிய அன்று மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, வேலைச்சுமை தாங்க முடியவில்லையா, பெரிய ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று அக்கறையாக விசாரித்தார். எடுத்தும்விட்டார். அதற்கப்புறம் என் லீவுகளெல்லாம் வயிற்றுக் கணக்கில்தான் போகின்றன.

சரி, உங்கள் விஷயம். எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் மாத்திரை எழுதிய டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு இந்த பாக்டீரியாக்களே தொற்றாக மாறிய சம்பவங்கள் உண்டு, அதனால் வேறு நோய் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், வேறு வகைகள் நிறைய இருக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று படுத்தும். அதைப் பார்த்துவிட்டு நோய் திரும்பிவிட்டதென்று பயந்துபோவீர்கள்.

நான் எந்த பிராண்ட் எடுத்தேன் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை.