225 எச்பி பாஸ் போட்ல ஆர்பிஎம் ஏறலையா? ப்ராப் வாங்கறதுக்கு முன்னாடி மோட்டரை தூக்கிப் பாருங்க

டெக்சாஸ்ல லேக் ஃபோர்க்ல மீன் பிடிக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 20 அடி ஃபைபர்கிளாஸ் பாஸ் போட் (பாஸ் மீன் பிடிக்கற வேகப் படகு), பின்னாடி யமஹா வி மேக்ஸ் எஸ்ஹெச்ஓ 225 மோட்டர், அதுல 25 பிட்ச் மூணு பிளேடு ஸ்டெயின்லெஸ் ப்ராப் (தண்ணியை தள்ற விசிறி). ரெண்டு பேரு, ஃபுல் டேங்க், சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு ஃபுல் த்ராட்டில் கொடுத்தா 5150 ஆர்பிஎம்தான் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து) வருது, ஜிபிஎஸ்ல 60 மைல் காட்டுது, பிளேன் ஆகறதுக்கு (தண்ணி மேல எழும்பி வழுக்கி ஓடறதுக்கு) ரொம்ப நேரம் எடுக்குது. ஜாக் பிளேட் (மோட்டரை ஏத்தி இறக்கற தாங்கி) இருக்கு, ஆனா வாங்கின நாள்லேர்ந்து தொட்டதே இல்ல, அளந்து பாத்தா ப்ராப் ஷாஃப்ட் பேடுக்கு (போட்டுக்கு அடியில நடுவுல இருக்கற தட்டையான பட்டை) கீழ 5 இன்ச் கிட்ட இருக்காம். ஃப்ரெண்டு ஒருத்தர் "நாலு பிளேடு 25 வாங்கிப் போடு, எல்லாம் சரியாயிடும்"னு சொல்லியிருக்கார். வாங்கலாமா?

வாங்காதீங்க, இப்போதைக்கு வேண்டாம். அதே 25 பிட்ச்ல நாலு பிளேடு போட்டா தண்ணியை தள்ற பரப்பு கூடும், மோட்டருக்கு லோடு ஏறும், ஏற்கனவே தடுமாறிட்டு இருக்கற 5150 இன்னும் ஒரு நூறு நூத்தம்பது கீழ இறங்கும், கையில இருந்து காசும் போகும். உங்களுக்கு இருக்கறது ரெண்டு பிரச்சனை, மோட்டர் ஆழமா தொங்குது, பிட்ச்சும் உங்க லோடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. இதுல மொதல்ல உயரத்தை சரி பண்ணணும், ஏன்னா உயரம் மாறினா ஆர்பிஎம் மாறும், ஆர்பிஎம் தெரியாம பிட்ச் முடிவு பண்ண முடியாது. நிறைய பேரு தலைகீழா பண்ணி ஷெட்டு நிறைய ப்ராப் அடுக்கி வச்சிருக்காங்க.

பிட்ச்னா ப்ராப் ஒரு சுத்து சுத்தினா எவ்ளோ இன்ச் முன்னாடி போகணுமோ அது, கணக்குப்படி. 25 பிட்ச்னா 25 இன்ச். லோடு ஏத்தின லாரியை மூணாவது கியர்ல நகத்தற மாதிரிதான் பெரிய பிட்ச், ஓடிட்டா சரி, கெளம்பறதுக்குள்ள இன்ஜின் அழுதுடும். உங்க மோட்டருக்கு ஃபுல் த்ராட்டில் ரேஞ்ச் 5000ல இருந்து 6000 ஆர்பிஎம். 5150ங்கறது ரேஞ்சுக்குள்ளதானே இருக்குனு தோணும், ஆனா அது அடிமட்டம், வெயில் நாள்ல லைவ்வெல் (பிடிச்ச மீனை உயிரோட வைக்கற தொட்டி) ரெண்டும் ரொம்பி இருந்தா 5000க்கு கீழயே போயிடலாம், அப்படி மூச்சு முட்ட ஓட்டறது இன்ஜினுக்கு நல்லது இல்ல. முழு லோடோட 5700 - 5900ல நிக்கணும், அதுதான் நம்ம டார்கெட். லிமிட்டர்ல (ஆர்பிஎம் எல்லை தாண்டாம தடுக்கறது) போய் முட்டவும் கூடாது.

இப்ப ஸ்லிப் கணக்கு, அதாவது கணக்குப்படி வரவேண்டிய வேகத்துல எவ்ளோ குறையுதுங்கறது. ஆர்பிஎம்மை பிட்ச்சால பெருக்குங்க, கியர் ரேஷியோவை (ப்ராப் ஒரு சுத்து சுத்த இன்ஜின் எத்தனை சுத்து சுத்துதோ அது) 1056ஆல பெருக்கி அதால வகுங்க, கிடைக்கறது ஸ்லிப்பே இல்லாம போனா வரவேண்டிய மைல் வேகம். உங்க மோட்டர் ரேஷியோ 1.75. 5150 பெருக்கல் 25, வகுத்தல் 1848, கிட்டத்தட்ட 69.7 மைல். நிஜத்துல 60. அப்ப ஸ்லிப் 14 சதவீதம். நல்லா செட்டப் பண்ணின பாஸ் போட் 10 பக்கத்துல வரும், சிலது அதுக்கும் கீழ. டேஷ்போர்டு ஸ்பீடோமீட்டரை நம்பி இந்த கணக்கு போடாதீங்க, ஜிபிஎஸ் மட்டும்தான்.

5 இன்ச்னு சொன்னீங்க, அதை இன்னொரு தடவை ஒழுங்கா அளங்க, இதுல பாதிப் பேரு தப்பா அளப்பாங்க. ட்ரெய்லர் சமமான சிமெண்ட் தரையில நிக்கணும். ஹல்லுக்கு அடியில நடுவுல தட்டையா ஒரு பட்டை பின்பக்கம் வரைக்கும் ஓடுதே அதுதான் பேடு, அதுல லெவல் வச்சு ட்ரெய்லர் ஜாக்கை ஏத்தி இறக்கி பேடை லெவலுக்கு கொண்டு வாங்க. அப்புறம் ப்ராப்புக்கு மேல இருக்கற பிளேட்ல லெவல் வச்சு, மோட்டர் ட்ரிம்மை (மோட்டர் சாயற கோணம்) மாத்தி அதையும் லெவல் ஆக்குங்க. இந்த ரெண்டாவது வேலையை விட்டுட்டா அளவே பொய். பேடோட பின் முனையில இருந்து தரைக்கு எவ்ளோ, ப்ராப் ஷாஃப்ட் நடு சென்டர்ல இருந்து தரைக்கு எவ்ளோ, ரெண்டையும் கழிங்க.

இந்த மாதிரி போட்டுக்கு மூணரை இன்ச்ல ஆரம்பிக்கறது பாதுகாப்பான இடம், நிறைய பேரு 3 பக்கத்துல முடிப்பாங்க. 5ல இருந்தா லோயர் யூனிட்டை (மோட்டரோட அடிப்பாகம்) தேவையில்லாம தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போறீங்கனு அர்த்தம். மூணரைக்கு தூக்குங்க, ஓட்டிப் பாருங்க, அப்புறம் கால் இன்ச் கால் இன்ச்சா மேல போங்க. ஒவ்வொரு தடவையும் ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், வாட்டர் பிரஷர் மூணையும் எழுதிக்குங்க, காத்துக்கு எதிரா ஒரு ஓட்டம் காத்தோட ஒரு ஓட்டம் ஓட்டி ஆவரேஜ் எடுங்க. வாட்டர் பிரஷர் கேஜ் இல்லாம இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது, ஏன்னா மோட்டர் மேல ஏற ஏற கூலிங் தண்ணி உள்ள இழுக்கற ஓட்டைங்களும் மேல வந்துடும். ஃபுல் த்ராட்டில்ல 15 பிஎஸ்ஐக்கு கீழ இறங்கினா நான் அங்கயே நிறுத்தி கால் இன்ச் கீழ விடுவேன். வேகம் கூடறது நின்னு ஆர்பிஎம் மட்டும் ஏறுதுனா அதுவும் நிறுத்தற இடம்தான். திருப்பத்துல திடீர்னு இன்ஜின் அலறி போட் தள்ளாம நின்னா ப்ராப் காத்தை இழுக்குது, உயரம் ஜாஸ்தி.

(ட்ரிம்மும் கூடவே கத்துக்கணும். கெளம்பும்போது முழுசா உள்ள, பிளேன் ஆனதும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய. மூக்கு மேலயும் கீழயும் குதிச்சா ட்ரிம்மை உள்ள எடுங்க. பக்கவாட்டுல இடமும் வலமுமா ஆட ஆரம்பிச்சா அது வேற விஷயம், வீரம் காட்டாம த்ராட்டிலை மெதுவா குறைங்க, கரைக்கு வந்ததும் ஸ்டீயரிங்ல லூஸ் இருக்கானு பாருங்க.)

உயரத்தை சரி பண்ணினதும் உத்தேசமா 5350 ஆர்பிஎம், 64 மைல்னு வருதுனு வைங்க. ஸ்லிப் 11.6க்கு வந்தாச்சு, இன்னும் டார்கெட்டுக்கு 400 ஆர்பிஎம் பாக்கி. ஒரு இன்ச் பிட்ச் குறைச்சா 150ல இருந்து 200 ஆர்பிஎம் ஏறும், அப்ப 23 பிட்ச் போடணும். "பிட்ச் குறைச்சா டாப் ஸ்பீடு போயிடுமே"னு எல்லாரும் பயப்படுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 23 பிட்ச்ல 5750 வந்தா ஸ்லிப் இல்லாத வேகம் 71.6, அதுல 11 சதவீதம் கழிச்சாலும் 63.7. அதே வேகம், ஆனா கெளம்பறது சுறுசுறுப்பா இருக்கும், லோடு ஏறினாலும் மோட்டர் திணறாது.

நாலு பிளேடு கெட்டது இல்ல. போட்டோட பின்பக்கத்தை தூக்கிக் கொடுக்கும், திருப்பத்துல பிடிப்பு விடாது, குறைஞ்ச வேகத்துலயும் பிளேன்ல நிக்கும், அதுக்கு பதிலா டாப் ஸ்பீடுல ஒண்ணு ரெண்டு மைல் குறையலாம். பின்னாடி ஷாலோ ஆங்கர் (ஆழமில்லாத தண்ணியில போட்டை நிறுத்தற கம்பி) ரெண்டு, பேட்டரி எல்லாம் குவிஞ்சு கெடக்கற போட்டுக்கு, அலை அடிக்கற பெரிய ஏரிக்கு நான் நாலு பிளேடைத்தான் சொல்வேன். உங்களுக்கும் பிடிச்சா வாங்குங்க, ஆனா 23 இல்லனா 22ல, 25ல இல்ல. அதுவும் டெஸ்ட் பண்ணிப் பாக்க ப்ராப் கொடுக்கற கடை இருக்கானு விசாரிச்சுட்டு, போட்டு ஓட்டிப் பாத்துட்டு. ஒரே பிட்ச் நம்பர் போட்ட ரெண்டு கம்பெனி ப்ராப் ஒரே மாதிரி ஓடாது, பிளேடு விளிம்புல இருக்கற சின்ன வளைவு, விட்டம், பிளேடு சாய்வு எல்லாம் வேற வேற.

டெஸ்ட் பண்ணும்போது எப்பவும் மீன் பிடிக்கப் போற லோடோட ஓட்டுங்க. 50 கேலன் பெட்ரோலே 300 பவுண்டு பக்கம், 30 கேலன் லைவ்வெல் தண்ணி 250 பவுண்டு. காலி போட்ல தனியா ஓட்டி 5900 பாத்துட்டு சந்தோஷப்பட்டா சனிக்கிழமை ஆள் ஏறினதும் பழைய கதைதான். பின்னாடி லித்தியம் பேட்டரிக்கு மாறப்போறீங்கனா அதை மாத்திட்டு செட்டப் பண்ணுங்க, ஏகப்பட்ட எடை குறையும், போட் நிக்கற விதமே மாறிடும்.

ப்ராப் கழட்டும்போது சாவி ஆஃப், கில் சுவிட்ச் (இன்ஜினை உடனே நிறுத்தற சுவிட்ச்) கிளிப் எடுத்தாச்சு, கியர் நியூட்ரல், பிளேடுக்கும் மேல பிளேட்டுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டை. ஷாஃப்ட்ல மீன் நூல் சுத்தியிருக்கானு பாருங்க, அது ஷாஃப்ட்டோட ஆயில் சீலை (seal) அறுத்துடும். கிரீஸ் தடவி, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்கற அளவு) நட்டை டைட் பண்ணி புது காட்டர் பின் (நட்டு கழலாம தடுக்கற பின்) போடுங்க. டெஸ்ட் ஓட்டத்துல கில் சுவிட்ச் கயிறு உடம்புல மாட்டியிருக்கணும், 26 அடிக்கு கீழ உள்ள போட்டுக்கு அமெரிக்காவுல 2021 ஏப்ரல்லேர்ந்து அது சட்டமே.

பழைய 25ஐ வித்துடாதீங்க. லேக் ஃபோர்க்ல தண்ணிக்கு அடியில மரம் நிறைய நிக்குது, டெஸ்ட் ஓட்டத்தை போட் லேனுக்குள்ளயே (போட் போகறதுக்கு குறிச்சு வச்ச பாதை) வச்சுக்குங்க, அப்பவும் ஒரு நாள் கட்டையில தட்டும். அன்னைக்கு அந்த 25, ஒரு ப்ராப் ரென்ச், எக்ஸ்ட்ரா காட்டர் பின் போட்ல இருந்தா ரேம்ப் (போட்டை தண்ணியில இறக்கற சரிவு) வரைக்கும் யாரையும் கூப்பிடாம வந்துடலாம்.