முழங்கால் வலியுள்ள தாயாருடன் அண்டார்டிகா: எந்தக் கப்பல்?

வணக்கம். முழங்கால் வலியுள்ள 68 வயதுத் தாயாருடன் அண்டார்டிகா செல்ல 180 பேர் பயணிக்கும் கப்பல் ஏற்றதா, 450 பேர் பயணிக்கும் கப்பல் ஏற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சிறிய கப்பலையே தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே பெரிய கப்பலில் முறைவைத்து இறக்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும். மெதுவாக நடப்பவருக்கோ அந்த நேரம்தான் எல்லாம்.

உண்மையான சிரமம் கரையில் நடப்பதைவிட, கப்பலின் படிக்கட்டிலிருந்து, கரைக்கு அழைத்துச் செல்லும் ஆடும் இரப்பர் படகுக்குள் வைக்கும் அந்த ஓர் அடியில்தான் இருக்கிறது. அப்போது பணியாளரும் பயணியும் ஒருவர் முன்கையை மற்றவர் இறுகப் பற்றிக்கொள்வார்கள். கரையிலோ, படகின் விளிம்பில் அமர்ந்தபடி கால்களை வெளியே திருப்பி ஆழமற்ற நீரில் இறங்க வேண்டும். திண்ணையிலோ கட்டில் ஓரத்திலோ அமர்ந்து இவ்வாறு திரும்பி இறங்கத் தாயாரை இப்போதே பழகச் சொல்லுங்கள். இயலாத நாளில், கரையிறங்காமல் படகிலேயே பனிப்பாறைகளிடையே சுற்றிவரும் உலாவைக் கேளுங்கள். அது எவ்வகையிலும் குறைந்த அனுபவமன்று.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள, அலைகள் மிகுந்த டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும் என்பதால், ஆட்டம் குறைவாக உணரப்படும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதி அறையைப் பதிவுசெய்யுங்கள்.